எதைக் கழித்துவிட்டுச் சாதியைத் தேடுகிறீர்கள்?

"படிப்பையும் நிலத்தையும் ஊரையும் சமப்படுத்திவிட்டுப் பார்த்தால், சாதியால் வரும் வித்தியாசம் கொஞ்சம்தான். நாங்கள் சொல்லவில்லை, ஆய்வு சொல்கிறது."

இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு எடுத்தாலே இந்த வாதம் வந்துவிடுகிறது. முன்பு மனுவைக் காட்டி நம் வாயை அடைத்தார்கள். இப்போது அட்டவணையைக் காட்டுகிறார்கள். நம் தோழர்களில் சிலர் எண்களைப் பார்த்ததும் அமைதியாகிவிடுகிறார்கள். சிலர் "புள்ளிவிவரமே பொய்" என்று எழுந்து போய்விடுகிறார்கள். இரண்டிலும் நட்டம் நமக்குத்தான்.

அந்த அட்டவணைக்குப் பின்னால் இருக்கும் துறைக்குப் பெயர் பொருளாதார அளவியல், எக்கனாமெட்ரிக்ஸ். பொருளாதாரக் கோட்பாடு, கணிதம், புள்ளியியல் மூன்றையும் சேர்த்து, எது எதற்கு எவ்வளவு காரணம் என்று எண்ணால் சொல்ல முயலும் துறை. நார்வேயின் ராக்னர் ஃபிரிஷ் உள்ளிட்டோர் 1930 டிசம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இதற்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1969-இல் பொருளாதாரத்துக்கான முதல் நோபல் பரிசைப் பெற்றவர்கள் அதே ஃபிரிஷும் நெதர்லாந்தின் டின்பெர்கனும். யாருக்கு எவ்வளவு நிதி, எந்தத் திட்டம் பலன் தந்தது என்று அரசுகள் இன்று இந்த மொழியில்தான் பேசுகின்றன. நமக்கு இந்த மொழி தெரியாவிட்டால் நம்மைப் பற்றி இன்னொருவர் பேசிவிட்டுப் போவார்.

கணக்கு எப்படி நடக்கிறது? ஓமலூர் பக்கம் இரண்டு பெண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவரும் பட்டதாரிகள். முதல் பெண்ணின் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் கரும்பும் ஒரு வெல்ல ஆலையும் உண்டு. சேலத்தில் ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தவர். இரண்டாவது பெண் அருந்ததியர் காலனியைச் சேர்ந்தவர். அவருடைய அப்பா அதே ஆலையில் பாகு காய்ச்சும் கூலி. படித்தது அரசுப் பள்ளி. முதல் பெண்ணுக்கு மாதம் 20,000 ரூபாய், இரண்டாவது பெண்ணுக்கு 14,000. வித்தியாசம் 6,000. இந்த எண்கள் விளக்கத்துக்காக நாங்கள் வைத்தவை. உண்மையில் ஆயிரக்கணக்கானவர்களின் சராசரியை வைத்துத்தான் இந்தக் கணக்கைப் போடுவார்கள்.

1973-இல் ஒஹாக்கா, பிளைண்டர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் தனித்தனியாக முன்வைத்த ஒரு முறை, இந்த 6,000-ஐ இரண்டாகப் பிரிக்கும். பள்ளி, அனுபவம், குடும்பச் சொத்து, வசிப்பிடம் ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வால் வருவது 'விளக்கப்பட்ட' பகுதி. அது 4,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 2,000 'விளக்கப்படாத' பகுதி. அந்த மிச்சத்தைத்தான் பாகுபாடு என்று படிக்கிறார்கள். "சாதியால் வந்தது மூன்றில் ஒரு பங்குதான்" என்ற தலைப்புச் செய்தி இங்கிருந்துதான் பிறக்கிறது.

சரி, அந்த 4,000 எங்கிருந்து வந்தது? மூன்று ஏக்கர் ஏன் அந்த வீட்டில் இருக்கிறது, ஏன் இந்த வீட்டில் இல்லை? தலைமுறை தலைமுறையாகப் பண்ணையம் இருந்தவர்கள் யார்? செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையை அடுத்து 1892 முதல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் எத்தனை இன்று நம் கையில் இருக்கின்றன? காலனிப் பிள்ளையின் படிப்பு ஏன் பாதியில் நிற்கிறது? இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை சாதி. சாதி செய்து முடித்த வேலையை 'தகுதி வேறுபாடு' என்று பெயர் மாற்றி முதலில் கழித்துவிடுகிறார்கள். பிறகு மிச்சத்தில் சாதியைத் தேடுகிறார்கள். கரும்பைப் பிழிந்து சாற்றை எடுத்துக்கொண்டு, சக்கையை நம்மிடம் நீட்டி "இதில் இனிப்பு எங்கே இருக்கிறது?" என்று கேட்பது போன்றது இது.

கணக்கில் பிழை இருப்பதாக நாங்கள் சொல்லவில்லை. "ஒரே தகுதி உள்ள இருவரை முதலாளி வேறுவேறாக நடத்துகிறாரா?" என்பது அந்தக் கணக்கிடம் கேட்கப்பட்ட கேள்வி. அது நியாயமான கேள்விதான். அதற்குக் கிடைத்த விடையை எடுத்து, "சாதி நம்மிடமிருந்து மொத்தம் எவ்வளவு பறித்தது?" என்ற வேறொரு கேள்விக்கு விடையாக ஒட்டுவதுதான் மோசடி.

அந்தச் சிறிய கேள்விக்கே கிடைத்திருக்கும் விடை சிறியதல்ல. மாதேஸ்வரனும் பால் ஆட்டவெல்லும் தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளைக் கொண்டு நகர்ப்புற மாதச் சம்பளக்காரர்களை ஆராய்ந்தார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வின்படி, சம தகுதி இருந்தும் பட்டியல் சாதி, பழங்குடியினர் பாகுபாட்டால் 15 சதவீதம் குறைவாக ஊதியம் பெறுகிறார்கள். அரசுத் துறையைவிடத் தனியார் துறையில் பாகுபாடு மிக அதிகம். ஒரே வேலைக்குக் குறைந்த சம்பளம் தருவதைவிட, நல்ல வேலைக்குள்ளேயே விடாமல் தடுப்பதுதான் பெரிய பாகுபாடு.

அதே ஆண்டில் சுகதேவ் தோரட்டும் ஆட்டவெல்லும் இன்னொரு சோதனையை வெளியிட்டார்கள். தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். ஒரே மாதிரித் தகுதி, பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் சாத்திய விகிதத்தில் தலித் பெயருக்குக் கிடைத்தது சுமார் மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. முகம்கூடப் பார்க்காமல், காகிதத்தில் இருந்த பெயரை மட்டும் பார்த்தே இந்தக் கதவு சாத்தப்பட்டது.

"தமிழ்நாட்டில்தான் பெயருக்குப் பின்னால் சாதி இல்லையே" என்பார்கள். இல்லைதான். அதனால்தான் இங்கே "எந்த ஊர் தம்பி?" என்று தொடங்கி, "ஊரில் எந்தப் பக்கம்?" என்று முடிக்கிறார்கள். பெயர் சொல்லாததை முகவரி சொல்லிவிடுகிறது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் முகவரியை வைத்து எத்தனை பேர் வடிகட்டப்படுகிறார்கள் என்று இங்கே யாராவது அளக்க வேண்டாமா?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஊதியக் கணக்கில் ஊதியம் வாங்குபவர்கள் மட்டுமே இருப்பார்கள். படிப்பு சமமாகிவிட்டால் எல்லாம் சமமாகிவிடும் என்பவர்களிடம் எங்கள் ஓமலூர் கோகுல்ராஜின் பெயரைச் சொல்லுங்கள். பொறியியல் படித்தவர். 2015 ஜூனில் திருச்செங்கோட்டிலிருந்து கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர் வாங்கியிருக்க வேண்டிய சம்பளம் எந்த அட்டவணையிலும் வராது.

அப்படியானால் இந்தக் கருவியைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது என்கிறோம். அதன் பிறப்பு சுத்தமானதல்ல என்பது தெரிந்தேதான் சொல்கிறோம். இந்தத் துறையின் அடிப்படைக் கருவியான ரெக்ரஷனுக்கு 1880-களில் அந்தப் பெயரைக் கொடுத்த பிரான்சிஸ் கால்டன்தான், 'உயர்ந்த' மனிதர்களைப் பெருக்க வேண்டும் என்ற யூஜெனிக்ஸுக்கும் பெயர் வைத்தவர். இந்தியாவில் ரிஸ்லி என்ற ஆங்கில அதிகாரி மூக்கின் அகலத்தை அளந்து சாதிகளை வரிசைப்படுத்தினார்.

அண்ணல் அம்பேத்கர் இந்த எண்களைக் கண்டு ஓடவில்லை. 1948-இல் வெளியான 'தீண்டப்படாதவர்கள்' நூலில், குர்யே தொகுத்த அதே மூக்களவுகளை எடுத்துக்கொண்டார். இந்த அளவுகளின்படியே பார்த்தாலும் பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் வேறுவேறு இனம் அல்ல, எனவே தீண்டாமைக்கு இன வேறுபாடு காரணமே இல்லை என்று நிறுவினார். அவர்கள் அளவுகோலாலேயே அவர்கள் வாதத்தை முறித்தார். நமக்கு வழி அதுதான்.

இந்த வழியில் பலன் கிடைத்திருக்கிறது. "இடஒதுக்கீட்டால் திறமை கெடுகிறது" என்ற கூப்பாட்டை அஸ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்கோஃபும் இந்திய ரயில்வேயின் 1980 முதல் 2002 வரையிலான தரவுகளில் சோதித்தார்கள். பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்கள் அதிகமானதால் உற்பத்தித்திறன் குறைந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. உயர் பதவிகளில் கூடியதற்கான அறிகுறிகள்கூட இருந்தன.

இனி, சண்டை போட வேண்டிய இடம் தரவு. 1931-க்குப் பிறகு எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பு கிடையாது. 2011-இல் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் திரட்டிய சாதித் தரவு வெளியாகவே இல்லை. தேசிய மாதிரி ஆய்வில் பிற்படுத்தப்பட்டோர் தனிப் பிரிவாக வந்ததே 1999-2000-இல்தான். அதுவரை அவர்களும் பார்ப்பனர்களும் 'மற்றவர்கள்' என்ற ஒரே கட்டத்தில் இருந்தார்கள். நமக்கு இன்றும் குறியீடு எண் 2, அவ்வளவுதான். தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள 76 சாதிகளும் அந்த ஒற்றை எண்ணுக்குள் அடக்கம். சேலம், நாமக்கல் பக்கம் மலக்குழியிலும் துப்புரவிலும் தள்ளப்பட்ட அருந்ததியரின் நிலை அதில் தனியாகத் தெரியாது. 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் தரும் 2009 சட்டத்துக்கு எதிரான வழக்கு 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பில்தான் தீர்ந்தது. உள் ஒதுக்கீட்டுக்குப் போதாமையைத் தரவோடு காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் கேட்கிறது. தனியாக எண்ணாத மக்கள் எந்தத் தரவைக் காட்டுவார்கள்?

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. கணக்கெடுப்பாளர் வரும்போது நம் தெருக்களில் நம் பிள்ளைகள் நிற்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் உட்பிரிவின் சரியான பெயர் எழுதப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணியதை முழுவதும் வெளியிடு என்று இப்போதே கேட்க வேண்டும்.

பொருளாதாரமும் புள்ளியியலும் படிக்கும் தம்பி தங்கைகளே, கணக்கு நமக்கு வராது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அடுத்த முறை ஒருவர் அட்டவணையை நீட்டினால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதையெல்லாம் சமப்படுத்தினீர்கள்? அவை சமமில்லாமல் போனது யாரால்? இந்தக் கணக்கில் யார் சேரவே இல்லை? மூன்றுக்கும் அவர் பதில் சொல்லி முடித்த பிறகு, சாதி எவ்வளவு என்று நாம் பேசத் தொடங்கலாம்.

ஜெய்பீம்.