நார்ச்சத்தும் நம் உணவின் தரமும்

உண்பதை அறத்தோடு இணைத்துப் பார்த்த மரபு நம்முடையது. முன்னர் உண்டது செரித்ததை அறிந்து, உடலுக்கு ஒத்தவற்றையே அளவோடு உண்ண வேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வகுத்துரைத்தார். உண்ணுங்கள், பருகுங்கள், ஆயின் வரம்பு கடவாதீர்கள் என்னும் கருத்தைத் திருமறையின் ஏழாம் அத்தியாயம் அறிவுறுத்துகிறது. அளவைப் பற்றிய இவ்வறிவுரைகளை மேடைதோறும் கேட்டு மகிழும் நாம், நம் தட்டில் இருப்பது எத்தகைய உணவு என்பதை எண்ணிப் பார்க்கிறோமா? இவ்வினாவைக் கல்லூரி மாணவர், ஆசிரியர், சமுதாயப் பெரியோர் ஆகிய முத்திறத்தார் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாவர உணவில் நம் சிறுகுடலால் செரிக்க இயலாது எஞ்சும் பகுதியே நார்ச்சத்து எனப்படுகிறது. இப்பொருளில் இச்சொல்லின் ஆங்கில வடிவத்தை 1953ஆம் ஆண்டில் ஹிப்ஸ்லி என்னும் மருத்துவர் முதன்முதலில் ஆண்டார். உகாண்டாவில் பணியாற்றிய அயர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், மேலை நாடுகளில் மலிந்த குடல்நோய்கள் ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் அரிதாயிருப்பதைக் கண்டு, அதற்குக் காரணம் நார் மிகுந்த உணவே என்று 1970களில் உலகறியச் செய்தார். செரிக்காத ஒன்றால் பயன் யாது என வினவலாம். நீரில் கரையும் நார் கூழ்போலாகி, உணவிலுள்ள சர்க்கரை குருதியில் விரைந்து கலவாமல் தடுக்கிறது. பித்த அமிலங்களைப் பற்றி வெளியேற்றிக் கொழுப்பைக் குறைக்கிறது. கரையாத நார் மலச்சிக்கலை நீக்குகிறது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் நாரே உணவாகிறது.

வயது வந்தோர் நாளொன்றுக்கு 25 கிராம் நார்ச்சத்தேனும் இயற்கை உணவிலிருந்து பெறவேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. காய்கனிகள் 400 கிராம் வேண்டும் என்பதும் அதன் பரிந்துரையாகும். நாளும் 25 முதல் 29 கிராம் வரை நார் உண்போரிடம் இதயநோய், பக்கவாதம், நீரிழிவு, பெருங்குடற் புற்று ஆகியன 15 முதல் 30 விழுக்காடு வரை குறைந்து காணப்படுவதாக, 2019இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த பெருந்தொகுப்பாய்வு காட்டியது.

நம் சென்னையின் நிலை யாது? 2001ஆம் ஆண்டு தொடங்கிய சென்னை நகர்ப்புற ஊர்ப்புற நோய்ப்பரவல் ஆய்வு, நகரத்தார் பெறும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, தீட்டிய தானியங்களிலிருந்தே வருகிறது என்று கண்டது. அவற்றுள்ளும் பெரும்பங்கு வெள்ளரிசியே. அதனை மிகுதியாக உண்டோரிடம் நீரிழிவும் மிகுந்திருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோருள் 11.4 விழுக்காட்டினர் நீரிழிவுடையோர், தமிழ்நாட்டிலோ 14.4 விழுக்காட்டினர். ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர் என்பது எளிதாகக் கடந்து செல்லத்தக்க கணக்கன்று.

இக்கணக்கு எங்கோ தொலைவில் உள்ளதன்று. ஆவடிக்கு மேற்கே, திருநின்றவூரை அடுத்துள்ள வேப்பம்பட்டை எடுத்துக்கொள்வோம். ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த நிலங்கள் மனைகளாகிவிட்ட புறநகர்களுள் அதுவும் ஒன்று. விடியலில் மின்தொடர் வண்டியேறி அம்பத்தூருக்கும் சென்ட்ரலுக்கும் பணிக்குச் செல்வோர் அங்குப் பலர். காலையில் இட்டிலி, நண்பகலில் புளிச்சோறோ தயிர்ச்சோறோ, மாலையில் நிலைய வாயிலில் வடை, இரவில் மைதாப் பரோட்டா என நாள் கழிகிறது. வயிறு நிறைகிறது, ஆயின் காய் எங்கே? கீரை எங்கே? முழுப்பயறு எங்கே?

இதனைக் கணக்கிட்டே பார்க்கலாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுக் கூறுகள் அட்டவணையின்படி, தீட்டிய அரிசியிலும் மைதாவிலும் 100 கிராமுக்கு 3 கிராமுக்கும் குறைவான நாரே உள்ளது. கேழ்வரகிலும் கம்பிலும் முழுக்கோதுமை மாவிலும் சுமார் 11 கிராம் உள்ளது. ஒருவர் நாள்தோறும் 300 கிராம் அரிசி உண்டால் அதில் கிடைப்பது 8 கிராம் நார்தான். அதனோடு 50 கிராம் பச்சைப்பயறு சேர்ந்தால் மேலும் 8 கிராம். 100 கிராம் கீரையில் சுமார் 4 கிராம். ஒரு கொய்யாக்கனியில் சுமார் 8 கிராம். ஆகக் கூடுதல் 28 கிராம்! சோற்றைத் துறக்க வேண்டுவதில்லை. சோற்றுக்குத் துணை தேட வேண்டும் என்பதே இக்கணக்கு உணர்த்தும் பாடமாகும்.

‘எங்கள் பாட்டனார் சோறுண்டு தொண்ணூறு ஆண்டு வாழ்ந்தாரே’ என்பர் பெரியோர் சிலர். அவர்தம் கூற்றைப் புறந்தள்ளுதல் தகாது. ஆயின் அப்பாட்டனார் உண்டது கைக்குத்தலரிசி, நடந்தது பல கல் தொலைவு, செய்தது வயல்வேலை. ஆலையில் தீட்டித் தவிடு நீக்கிய அரிசியை உண்டு, நாற்காலியில் அமர்ந்து பணிசெய்யும் பேரனுக்கு அவர் வாழ்வு சான்றாகாது.

மரபையே நாடுவோமாயின் அது வேறொன்றைச் சொல்கிறது. வரகு, தினை, கொள், அவரை ஆகிய நான்கையுமே சிறந்த உணவாக மாங்குடி கிழார் புறநானூற்றின் 335ஆம் பாடலில் எண்ணிக் காட்டுகிறார். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சலித்த வெண்மாவைத் தம் வாழ்நாளில் கண்டதில்லை என்றும், வாற்கோதுமையை அரைத்து, உமியை ஊதிப் போக்கி, எஞ்சியதையே அக்காலத்தார் உண்டனர் என்றும் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரீ நூலில் இடம்பெற்றுள்ளது. தமிழ் மரபும் மார்க்க மரபும் ஒன்றுபடும் இவ்விடத்தில் நம் விருந்துகள் மட்டும் விலகி நிற்பது ஏன்?

நம் வலீமா விருந்தில் பிரியாணி மலைபோல் குவிகிறது, இனிப்பு இருமுறை வருகிறது, தால்ச்சாவோ கரண்டியளவே. கத்தரிக்காயும் மாங்காயும் வாழைக்காயும் பருப்பும் கலந்த அத்தால்ச்சாவே அவ்விருந்தில் நார்மிக்க பண்டம் என்பதை எண்ணிப் பார்த்தோமில்லை. நோன்பு திறக்கும் வேளையில் பேரீச்சையும் கொண்டைக்கடலைச் சுண்டலும் இருக்க, எண்ணெயில் பொரித்த சமோசாவுக்கே கைகள் முந்துகின்றன. இல்லங்களிலோ நிலைமை இன்னும் இரங்கத்தக்கது. அனைவரும் உண்டபின் இறுதியில் அமரும் தாய்மார்க்கு எஞ்சுவது பெரும்பாலும் சோறும் குழம்புமே. காயும் பயறும் அதற்குள் தீர்ந்துவிடுகின்றன. குடும்பத்தின் உணவுத் தரத்தை அளக்க விழைவோர் கடைசித் தட்டையே முதலில் நோக்க வேண்டும்.

நார்த்தூளை நீரில் கலக்கிப் பருகினால் போதும் என்று கருதுவதும் பிழையாகும். நார் என்பது நல்லுணவின் ஓர் அடையாளம். காய், கனி, பயறு, முழுத்தானியம் ஆகியவற்றில் நாருடன் உயிர்ச்சத்துகளும் தாதுக்களும் புரதமும் ஒருங்கே வருகின்றன. நார் குறைந்த தட்டில் இவையும் குறைந்திருக்கும். ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின், சிறுதானியப் பெயர் தாங்கிய பிஸ்கட்டுகள் கடைகளில் மிகுந்தன. உறையின் பின்புறத்தைப் படித்து, மைதாவும் சர்க்கரையும் எவ்வளவு என்பதை அறிந்தே வாங்குதல் வேண்டும். நாரைப் படிப்படியாகக் கூட்டி, நீரும் போதிய அளவு பருகுதல் நன்று. குடல்நோயுடையோர் மருத்துவரைக் கேட்டே மாற்றம் செய்க.

இனிச் செய்யத்தக்கவை சில. கல்லூரி உணவகத்திலும் விடுதியிலும் நாள்தோறும் ஒரு பயறு, ஒரு கீரை என்பது விதியாகட்டும். நோன்புக் கஞ்சிக்கென அரசு 2001 முதல் பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வருகிறது. அக்கஞ்சியில் தோல் நீக்காத பயறும் கேரட்டும் சேர்க்க ஜமாஅத்தார் முன்வரலாம். மணவிருந்தில் ஓர் இனிப்பைக் குறைத்து ஒரு காய்கறியைக் கூட்டினால் செலவும் மிகாது. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசியில் ஒரு பகுதிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் 2023இல் தொடங்கப்பெற்றது. திருவள்ளூர் மாவட்டத்துக்கும் அதனை விரிவாக்குமாறு ஊர்மன்றங்கள் வேண்டலாம். காய்கனி விலை ஏழையர்க்குச் சுமையே என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கொள்ளும் காராமணியும் முருங்கைக்கீரையும் இன்றும் எளியோர் கைக்கு எட்டுவனவே.

நீரிழிவு வந்தபின் மாத்திரைக்குச் செலவிடும் பொருளில் சிறுபகுதியை, அது வருமுன் காய்கனிக்குச் செலவிடுதல் அறிவுடைமையாகும். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பெற்ற அமானிதம். அதனைப் பேணுதல் நம் கடன். மாணவச் செல்வங்கள் இன்றைய தட்டிலிருந்தே தொடங்குக; பெரியோர் தத்தம் இல்ல விருந்திலிருந்து வழிகாட்டுக. எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் நோயற்ற வாழ்வை அருள்வானாக!