மலைநாட்டின் ‘இயற்கையெழில்’: ஒரு மறுப்பு

மலைநாட்டுக்குச் சுற்றுலாச் சென்று திரும்புவோர் தவறாது கூறும் சொற்றொடர் ஒன்றுண்டு: ‘இயற்கையெழில் கொஞ்சும் தேயிலைத் தோட்டங்கள்’. உல்லாசப் பயணத்துறையின் விளம்பரங்கள் இதனையே பல மொழிகளில் ஓதுகின்றன. எமது மாணவர் மன்றங்களின் சுற்றுலாக் குறிப்புகளும் இதற்கு விலக்கல்ல. இச்சொற்றொடர் பொய்யானது என்பதே எமது வாதம். தேயிலைத் தோட்டத்தில் இயற்கை எனத்தக்கவை மழையும் மூடுபனியும் மட்டுமே. எஞ்சியவை யாவும் உழைப்பு.

இம்மலைகளின் இயற்கை யாதென அறிய விரும்புவோர் ஹோட்டன் சமவெளியையும் சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த காட்டையும் நோக்குக. மத்திய மலைநாட்டை யுனெஸ்கோ 2010 இல் உலக மரபுரிமையாக ஏற்றபோது அதனுட் சேர்க்கப்பட்டவை இத்தகைய காடுகளேயன்றித் தோட்டங்களல்ல. ஏனைய காட்டின் பெரும்பகுதி 19 ஆம் நூற்றாண்டில், முதலிற் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும், வெட்டி எரிக்கப்பட்டது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தொடக்கிய தேயிலைச் செய்கை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. பச்சைக் கம்பளம் என நாம் வியப்பது யாது? வளரவிட்டால் மரமாகிவிடும் ஒரு செடியை, ஆண்டாண்டாகக் கவ்வாத்து வெட்டியும் நாள் தவறாது கொழுந்து பறித்தும் இடுப்பளவில் நிறுத்திவைத்திருக்கும் கைகளின் வேலையே அது. அக்கைகள் சில ஆண்டுகள் ஓய்ந்தால் கம்பளமும் இல்லை, காட்சியும் இல்லை. ஆயினும் புகைப்படத்திற் கூடை சுமந்த பெண் காட்சிக்கு அணி சேர்ப்பவளாகவே நிற்கிறாள். காட்சியை ஆக்கியவள் அவளே என்பது எவர் கண்ணிலும் படுவதில்லை.

அண்மைக் காலத்தில் மலையேற்றமும் நெடுநடையும் பெருவழக்காகியுள்ளன. பேராதனைக்கு மேலுள்ள ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை, 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை 22 பகுதிகளாக வகுத்து அமைக்கப்பட்டுள்ள ‘பீக்கோ’ நடைபாதை இதற்குச் சான்று. தேயிலையை ஏற்றிச் செல்ல ஆங்கிலேயர் காலத்தில் வெட்டப்பட்ட தோட்டத்துப் பாதைகளே இதிற் பெரும்பாலும் பயன்படுத்தப்பட்டுள்ளன. நடப்பது நன்று, அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் இம்மலைகளோடு தொடர்புடைய நெடுநடை வேறொன்றுமுண்டு. 1820களிலிருந்து, கங்காணிமாரின் பின்னே, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து புறப்பட்டுக் கடல் கடந்து, மன்னாரிலிருந்து வரண்ட காட்டினூடாக மாத்தளைக்கு நடந்தவர்களின் நடை அது. வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். அவர்களை நினைவுகூர்ந்து 2023 ஆம் ஆண்டு யூலை, ஓகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். உல்லாசப் பயண வழிகாட்டி நூல்களில் எத்தனை இவ்வழியைக் குறிக்கின்றன?

புகையிரதத்துக்கும் இது பொருந்தும். தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தின் முன் நின்று படமெடுத்துக்கொள்ளாத பயணி அரியர். 1948 இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களை, 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்றதும் மலைநாட்டுப் புகையிரதமே. ஏறியவரும் அழுதனர், நின்றவரும் அழுதனர். ‘ஒப்பாரிக் கோச்சி’ என மக்கள் அதற்குப் பெயரிட்டனர். கதவிற் தொங்கி எடுக்கும் படங்களுள் இப்பெயர் வரக் காணோம்.

கொஸ்லாந்தை என்றதும் பயணிக்கு நினைவு வருவது 220 மீற்றர் உயரமான தியலும நீர்வீழ்ச்சி. அதே கொஸ்லாந்தையில், மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் மண் மூடியது. அச்சரிவு ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. குடியேற மாற்றிடம் கொடுபடவில்லை. எஞ்சியோர் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டிடமொன்றில் நெடுநாள் தங்கவைக்கப்பட்டனர். கந்தப்பளையில், ஹெதர்செற் தோட்டத்தின் பழைய தொழிற்சாலை 1990களில் உல்லாச விடுதியாக மாற்றப்பட்டது. இரண்டும் தேயிலைத் தொழிற்சாலைகள். ஒன்றில் விருந்தினர், மற்றதில் அகதிகள். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைக் குலைத்தபோதும் சரிவில் வாழ்வோரின் நிலை பெரிதும் வேறாயிருக்கவில்லை. உயரமும் சரிவும் பயணிக்குக் காட்சி. லயத்தவருக்கு அது தலைக்குமேல் தொங்கும் மண்.

உணவு பற்றியும் ஒரு வார்த்தை. விடுதியின் காலை மேசையில் தேங்காய் ரொட்டியும் சம்பலும் ‘பாரம்பரிய உணவு’ என்று பரிமாறப்படுகின்றன. தோட்டத்தில் ரொட்டி பாரம்பரியத்துக்காகச் சுடப்படுவதில்லை. மலிவுக்காகவும், மலைக்குக் கொண்டுசெல்ல இலகுவென்பதற்காகவும் சுடப்படுகிறது. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களிற் பட்டினிச் சாவு நிகழ்ந்தது. அந்த மாவுக்கும் வரலாறு உண்டு.

உல்லாசப் பயணத்துறை அந்நியச் செலாவணி ஈட்டுகிறதே, இளைஞருக்கு வேலை தருகிறதே என்பர். ஈட்டுகிறது, 2024 இல் இத்தீவுக்கு வந்தோர் 20 இலட்சத்துக்கு மேல். அதே ஆண்டிலேதான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் வர்த்தமானி மூலம் 1350 ரூபாவாயிற்று. அழகிய அறையொன்றின் ஓரிரவு வாடகையோடு இத்தொகையை ஒப்பிடும் வேலையை வாசகரிடமே விடுகிறோம். வேலை பற்றிய வாதமும் அத்தகையதே. துரை பங்களாவிற் பாட்டன் அப்புவாகச் சமைத்தான். அப்பங்களா விடுதியானபின் பேரன் அங்கே தட்டேந்துகிறான். இதனை வளர்ச்சி என்பாரோடு எமக்கு உடன்பாடில்லை.

பயணிகளைத் தடுத்து நிறுத்துவது எமது நோக்கமன்று. பயணி விலை கொடுத்துக் காணும் நிலத்தை ஆக்கியவர்க்கு அந்நிலத்தில் உரிமை வேண்டும் என்பதே கோரிக்கை. 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவில் தலைமுறைகளைக் கழித்த மக்களுக்கு 7 பேர்ச்சா 10 பேர்ச்சா எனப் பேரம் பேசப்பட்டது. ஏக்கர் ஏக்கராகக் காட்சிமுனைகளை வழங்கும்போது அத்தகைய கஞ்சத்தனம் காணப்படுவதில்லை.

எம் மாணவர் இவ்வாண்டும் ஹந்தானை ஏறுவர். ஏறுக. போகும் வழியில் லயங்கள் எத்தனை, அவற்றுட் குடும்பங்கள் எத்தனை, காணி உறுதி பெற்றோர் எத்தனை எனக் குறித்துவர ஒரு பிற்பகல் போதும். அக்கணக்கை இச்சஞ்சிகையின் அடுத்த இதழில் வெளியிடலாம்.