ஆறு மாதக் கெடு வேண்டாம்

பக்கவாதத்தால் பேச்சிழந்தவரின் குடும்பத்தாரிடம், ‘ஆறு மாதத்துக்குள் வந்தால்தான் உண்டு’ என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கெடு சரியல்ல என்பதை ஜெர்மனியின் 19 மறுவாழ்வு மையங்களில் நடந்த ஆய்வு காட்டிவிட்டது. பங்கேற்ற 150-க்கும் மேற்பட்டோரும் 70 வயதுக்குள் இருப்பவர்கள். பக்கவாதம் வந்து ஆறு மாதங்களாவது ஆனவர்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு உடனே மூன்று வாரங்களுக்கு, வாரம் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் பேச்சுப் பயிற்சி தரப்பட்டது. அன்றாடப் பேச்சில் முன்னேற்றம் தெரிந்தது. பயிற்சிக்குத் தங்கள் முறை வரும்வரை காத்திருந்த மற்ற பிரிவினரிடம் அது இல்லை. 2017-இல் ‘லான்செட்’ இதழ் இதை வெளியிட்டது.

பிரிட்டனில் கணினிவழிப் பயிற்சியைச் சோதித்தார்கள். 2019-இல் வந்த முடிவின்படி, பழகிய சொற்கள் கைகூடின, உரையாடல் மேம்படவில்லை. எதிரே அமர்ந்து பொறுமையாகக் கேட்கும் பயிற்சியாளருக்குக் கணினி ஈடாகாது என்றே கருதுகிறோம்.

பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிந்தனை இருக்கிறது, சொல்தான் அகப்படுவதில்லை. மூளையை மின்னோட்டத்தால் தூண்டும் முறைகளும் ஆராயப்படுகின்றன, நல்லதுதான். ஆனால், பலன் தருவதாக நிரூபிக்கப்பட்ட பயிற்சிக்கே ஆளும் நேரமும் ஒதுக்காமல் புதியதற்குக் காத்திருப்பது அநீதி. அரசு மருத்துவமனைகள் பேச்சுப் பயிற்சியாளர் பணியிடங்களைப் பெருக்க வேண்டும். காப்பீட்டுத் திட்டங்கள், ஆறு மாதம் கடந்தவர்களுக்கும் இந்தச் செலவை ஏற்க வேண்டும்.