பேன் சின்ன விஷயமா?

தலைப்பைப் பார்த்ததும் சிரிப்பு வருகிறதா? பேன் என்றாலே எல்லோருக்கும் சிரிப்புதான். சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்குகிறவரை "ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குகிறார்" என்போம். ஆனால் எங்கள் கிளியனூர்ப் பக்கம் நான் பார்த்தது இதற்குத் தலைகீழ். பெரிய விஷயத்தை ஈர் அளவுக்குச் சுருக்கி வைத்திருக்கிறோம்.

என் சித்தி மரக்காணம் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கிறார். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க, விடியும் முன்பே கிளம்பிவிடுவார். மகளுக்கு எண்ணெய் வைத்து ரெட்டைச் சடை பின்னி விடுவது பாட்டிதான். பாட்டிக்கு ஈர் எங்கே கண்ணுக்குத் தெரியும்? ஒரு நாள் வகுப்பில் தங்கச்சி தலையில் பேன் ஊர்வதைப் பார்த்த டீச்சர், அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்துவிட்டார். அடுத்த நாள் முதல் அவள் பள்ளிக்குப் போகவில்லை. ஒரு வாரம் கழித்து, மொட்டை அடித்துத்தான் சித்தி கூட்டிக்கொண்டு போனார்.

அவள் தலையில் மட்டுமா பேன் இருந்திருக்கும்? பேனுக்கு இறக்கை கிடையாது, குதிக்கவும் தெரியாது. பெரும்பாலும் ஒரு தலை இன்னொரு தலையோடு ஒட்டும்போதுதான் ஏறுகிறது. ஒன்றாக உட்கார்ந்து, ஒன்றாகப் படுத்து, ஒன்றாக விளையாடும் பிள்ளைகளிடம் பரவாமல் என்ன செய்யும்? சுத்தமில்லாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் பேன் வரும் என்பதும் தவறு. வசதியான அமெரிக்காவிலேயே 3 முதல் 11 வயதுள்ள பிள்ளைகளில் ஆண்டுக்கு 60 லட்சம் முதல் 1 கோடியே 20 லட்சம் பேருக்கு வருவதாக மதிப்பிடுகிறார்கள். பேனுக்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கக் கூடாது என்று அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம் தெளிவாகவே சொல்கிறது.

பேனுக்காக யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. அதன் பிறகு வருவதற்குத்தான் போகிறார்கள். சொறிந்து சொறிந்து புண்ணாகிச் சீழ் பிடிக்கும், கழுத்தில் நெறி கட்டும். இதைவிட மோசம் நம் கைவைத்தியம். சீத்தாப்பழ விதையை அரைத்துத் தலையில் தேய்ப்பார்கள். அது கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகிவிடும். இப்படி வந்தவர்களைப் பற்றி கண் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். சிலர் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். பக்கத்தில் அடுப்பு எரிந்தால் என்ன ஆகும்? இன்னும் சிலர் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தையே தடவுகிறார்கள். அது தோல் வழியாக உடம்புக்குள் இறங்கி உயிரையே எடுக்கும். எங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் புதுச்சேரி ஜிப்மர்தான். அங்கே ஏற்கனவே இருக்கிற கூட்டம் போதாதா? சீப்பில் முடிய வேண்டியதை அவசர சிகிச்சைப் பிரிவுவரை கொண்டுபோக வேண்டுமா?

என்ன செய்யலாம்? வழி ஏற்கனவே நம் கையில் இருக்கிறது. இந்தியாவில் 2015 முதல் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. யார் வயிற்றில் புழு இருக்கிறது என்று யாரும் தேடுவதில்லை. எல்லோருக்கும் ஒரே நாளில் மாத்திரை. அதனால் யாருக்கும் அவமானமும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013-இல் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் குறைபாடுகள் பட்டியலில் சிரங்கு இருக்கிறது, பேன் இல்லை. ஏன் சேர்க்கக் கூடாது?

ஒரு தலையை மட்டும் சுத்தம் செய்தால் பக்கத்துத் தலையிலிருந்து திரும்ப வரும். வகுப்பையும் வீட்டையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். பேன் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நாளில் பெர்மெத்ரின் லோஷன். ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால், 9 நாள் கழித்து இன்னொரு முறை. நடுவில் ஈரத்தலையில் பேன் சீப்பு. கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பள்ளிக்கு இரண்டு முறை வந்தால் போதும்.

இது பெரிய செலவா, நீங்களே சொல்லுங்கள். தங்கச்சிக்கு முடி வளர்ந்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் யாராவது அவள் தலையைத் தொட்டால் சட்டென்று விலகிக்கொள்கிறாள்.