கட்டில் மட்டும் போதுமா?

குடிக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுகிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுகிறவர் 180 பேருக்கு ஒருவர். இது நாம் கற்பித்துச் சொல்லும் கணக்கன்று. மத்திய சமூக நீதி அமைச்சகம் டில்லி எய்ம்ஸ் மருத்துவர்களைக் கொண்டு நாடெங்கும் எடுத்து, 2019-இல் வெளியிட்ட கணக்கு.

மற்றவர்கள் எங்கே? தூத்துக்குடிக்கு வாருங்கள். திரேஸ்புரத்துக் கரையில் வலை செப்பனிடுகிறவர்கள் நடுவே இருக்கிறார்கள். உப்பளத்தில் உப்பு வாருகிறவர்கள் நடுவே இருக்கிறார்கள். துறைமுகத்து வாயிலில் வேலைக்குக் காத்து நிற்கிறவர்கள் நடுவேயும் இருக்கிறார்கள். "குடிகாரப் பயல், உழைத்த காசை ஊற்றிவிட்டு நிற்கிறான்" என்று அவர்களை ஏசுவதற்கு ஊரில் ஆள் பஞ்சமில்லை. நம் தோழர்களிலும் சிலர் ஏசுகிறார்கள். ஏச்சு மருந்தாகுமானால் இந்தக் கரை என்றைக்கோ குணமாகியிருக்கும்!

நாளை முதல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்யாத குடிநோயாளி உண்டா? திருச்செந்தூரிலே கயிறு கட்டிக்கொள்கிறான். பனிமய மாதா சந்நிதியிலே வாக்குக் கொடுக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் பல ஆண்டு குடித்த உடல், திடீரென நிறுத்தினால் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஆட்டம் கண்டுவிடும். கை நடுங்கும், வலிப்பு வரும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், பிதற்றல் வரும். கவனிப்பாரில்லாவிட்டால் உயிரே போவதும் உண்டு. அந்த வேதனையைத் தாங்காமல் மறுபடி கடைக்கு ஓடுகிறவனைப் பார்த்து, மன உறுதியில்லாதவன் என்கிறோம். முற்றிய நோயாளியை மருத்துவர் கண்காணிப்பில் படுக்க வைத்து, சத்து ஊசியும் நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தும் கொடுத்துக் கரையேற்ற வேண்டிய நாட்கள் அவை. உடல் தேறிய பிறகு மனம் தேற இன்னும் சில வாரம் வேண்டும். மனைவி மக்களையும் உட்கார வைத்துப் பேச வேண்டும்.

ஆட்சியாளர் இதை எப்படிப் பார்த்து வந்தார்கள்? 1937-இல் சேலத்தில் மதுவிலக்கு வந்தது. 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் கடை திறந்தது. பிறகு மூடுவதும் திறப்பதுமாக ஓடி, 2003-இல் சில்லறை விற்பனையையும் அரசே ஏற்றது. விலக்குச் சட்டத்துக்கு அவன் குற்றவாளி. விற்பனைச் சட்டத்துக்கு அவன் வாடிக்கைக்காரன். நோயாளி என்று யார் எண்ணினார்கள்? 2023-24 ஆம் ஆண்டில் மட்டும் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

2025-இல் 25 அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் திறந்தார்கள். நல்ல செயல், வரவேற்கிறோம். பெயரும் நம் கடற்கரைக்குப் பொருந்துகிறது! ஆனாலும் ஒன்று கேட்கிறோம்: கட்டில் மட்டும் இருந்தால் தொழிலாளி வந்து படுத்துவிடுவானா?

ஒரு மாதம் அவன் படுத்தால் வீட்டில் அடுப்பெரிய யார் தருவார்? வாங்கிய முன்பணத்தை முதலாளி விட்டுவிடுவாரா? திரும்பி வரும்போது அவன் இடத்தில் வேறொருவன் நிற்கமாட்டானா? ஈ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு உண்டு. அளத்திலும் படகிலும் உழைப்போரில் பெரும்பாலோருக்கு அந்தப் பேறு ஏது?

இங்கே ஒரு வழி கண்ணெதிரே கிடக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீனவர் குடும்பத்துக்கு அரசு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பளம் ஓயும். அப்போது உப்பளத் தொழிலாளிக்கு 5,000 ரூபாய். வேலையற்ற அந்த நாட்களில் குடிநோயாளி கையில் கிடைத்த பணம் எங்கே போகிறது? கொடுத்த அரசின் கல்லாவுக்கே திரும்பிப் போகிறது! அந்த ஓய்வு நாட்களையே சிகிச்சை நாட்களாக்கினால் என்ன? சேர்ந்தவன் குடும்பத்துக்கு நிவாரணத்துக்கு மேல் ஒரு படி, அதுவும் மனைவி கையில், கொடுத்தால் என்ன?

ஆகாத காரியமன்று. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். நோயாளிகள் பட்டணத்துக்கு வரட்டும் என்று காத்திராமல், அம்மருத்துவமனையார் மஞ்சக்குடி கிராமத்துக்கே போய், ஊராரைத் துணைக்கொண்டு 15 நாள் தங்கும் முகாம் நடத்திக் காட்டினார்கள். மஞ்சக்குடியில் முடிந்தது மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் முடியாதா?

முகாம் முடிந்த பிறகுதான் கடினமான வேலை. முத்துக் குளித்த காலத்தில், கீழே மூச்சடக்கி இருப்பவனின் உயிர் படகில் கயிறு பிடிப்பவன் கையில் இருந்தது. மைத்துனன் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் பேச்சு உண்டு. சிகிச்சை முடிந்து வருகிறவனுக்கு முதல் ஓராண்டு கயிறு பிடிக்க ஆள் வேண்டும். சங்கத் தோழன் பிடிக்கலாமே! மறுபடி ஒருநாள் தவறினாலும் விரட்டாமல் மறுபடி மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாமே!

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மீட்பு இல்லம் என்று பலகை மாட்டியவர்களிடமெல்லாம் ஆளை ஒப்படைத்துவிடாதீர்கள். நமக்கு வடக்கே இதே கடலோரத்தில் உள்ள ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடுக்கிறது. போதையால் வரும் மனநோயையும் அதற்குள் சேர்க்கிறது. பதிவுச் சான்று கேளுங்கள், மருத்துவர் இருக்கிறாரா என்று பாருங்கள், அடி விழுந்தால் புகார் கொடுங்கள்.

1908-இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க, கூலி உயர்வும் ஞாயிறு ஓய்வும் பெற்ற ஊர் இது. சிகிச்சைக்குப் போகும் தொழிலாளிக்கு ஒரு மாத வாழ்வூதியம், திரும்பி வந்தால் அதே வேலை - இந்த இரண்டையும் அரசிடமும் முதலாளிகளிடமும் கேட்க நமக்கு உரிமையில்லையா?

அடுத்த தடைக்காலத்துக்கு முன்பே மாவட்ட ஆட்சியரிடம் இந்தக் கோரிக்கை போய்ச் சேர வேண்டும். கிளைச் செயலாளர்கள் பட்டியல் எழுதி ஒட்ட வேண்டாம், மானம் போகும். இரவில் வீட்டுக்குப் போய், அவனோடும் அவன் மனைவியோடும் பேசுங்கள். 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.