கலன் என்றால் எவ்வளவு?

"ஒரு கலன்" என்று எமது கிராமத்தவர் ஒருவர் சொன்னால் அவர் எவ்வளவைக் குறிப்பிடுகிறார்? பயிற்சி வகுப்புகளில் இக்கேள்வியை நான் அடிக்கடி கேட்பதுண்டு. வயதானவர்கள் ஆறு போத்தல் என்பார்கள். சுவருக்குப் பெயின்ற் பூசும் இளைஞர் நான்கு லீற்றர் ரின் என்பார். பெண்கள் பலர் தண்ணீர் பிடித்து வைக்கும் ஐந்து லீற்றர் பிளாஸ்ரிக் கானைக் காட்டுவார்கள். வெளிநாட்டு இயந்திரமொன்றின் கையேட்டைப் படித்தவர் 3.8 லீற்றர் என்பார். நால்வரும் தத்தம் தொழிலில் சரியாகவே பேசுகிறார்கள். ஆனால் இவற்றுள் மிகச் சிறிய கலனுக்கும் மிகப் பெரிய கலனுக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் இருக்கிறது. மருந்து கலக்கும்போதும், பிள்ளைக்கு உப்புநீர் கரைக்கும்போதும், பால் விற்கும்போதும் அந்த மூன்றில் ஒரு பங்கு யாருடைய தலையில் விழுகிறது என்பதே இங்கு நான் எழுப்ப விரும்பும் விடயம்.

இக்குழப்பம் எமது மக்களின் அறியாமையால் வந்ததன்று. பிரித்தானியர் 1824ஆம் ஆண்டில் சட்டமியற்றி, குறித்த வெப்பநிலையில் பத்து இறாத்தல் நீர் கொள்ளும் அளவே கலன் என்று முடிவு செய்தார்கள். இன்றைய கணக்கில் அது 4.546 லீற்றர். அதற்கு முன்னரே பிரிந்து போய்விட்ட அமெரிக்கர், 231 கன அங்குலம் கொண்ட பழைய ஆங்கில வைன் கலனையே வைத்துக்கொண்டனர். அது 3.785 லீற்றர். கலனில் எட்டில் ஒன்று பைந்து என்பது இருவருக்கும் பொது. ஆயினும் பிரித்தானியப் பைந்தில் 20 அவுன்ஸ், அமெரிக்கப் பைந்தில் 16 அவுன்ஸ். வேடிக்கை என்னவென்றால், கலனிலும் பைந்திலும் சிறியவரான அமெரிக்கர் அவுன்சில் பெரியவர்: அவர்களுடையது 29.6 மில்லிலீற்றர், பிரித்தானியருடையது 28.4. எமது நாட்டுப் போத்தலோ பிரித்தானியக் கலனில் ஆறில் ஒன்று, அதாவது 758 மில்லிலீற்றர். இப்போது அது 750 ஆகச் சீர்செய்யப்பட்டுவிட்டது. படித்தவர்களே தடுமாறும் இந்தக் கணக்கை, ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்ட கமக்காரர் வயல் வரம்பில் நின்று மனத்தால் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

மிகவும் பாரதூரமான உதாரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்குக் கொடுக்கும் ஜீவனி போன்ற உப்புநீர்ப் பைக்கற்றுகளில் பெரும்பாலானவை ஒரு லீற்றர் நீருக்கு உரியவை. கிராமத்து வீட்டில் லீற்றர் பாத்திரம் இருப்பதில்லை; போத்தல் இருக்கிறது. தாய் போத்தலை நிரப்பிப் பைக்கற்றை அதற்குள் கொட்டுகிறாள். முக்கால் லீற்றரில் கரைந்த அந்த நீர், இருக்க வேண்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடிய செறிவுடையது. உலக சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டில் பழைய கலவையைத் திருத்தி, லீற்றருக்கு 90 அலகாக இருந்த சோடியத்தை 75 அலகாகக் குறைத்தது. செறிவு குறைந்த கலவையே பிள்ளைக்கு நல்லது எனக் கண்டதனால்தான் அப்படிச் செய்தார்கள். போத்தலில் கரைத்தால் அந்த 75 மீண்டும் 100 ஆகிவிடுகிறது. திருத்திய கலவையைப் பழையதைவிட மோசமாக்கியது தாயின் கவலையீனமா? "ஒரு லீற்றர் என்பது ஒரு போத்தலும் மூன்றில் ஒரு போத்தலும்" என்று அவளுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பைக்கற்று இல்லாத வேளையில் வீட்டில் தயாரிக்கும் கரைசலுக்கும் இதுவே பொருந்தும். ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு என்பதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். கரண்டியை மட்டமாக அளக்க வேண்டும் என்பதையும், நீர் ஒரு லீற்றர் என்பதையும் விட்டுவிடுவார்கள்.

பால் விற்கும் பெண்களின் கதை வேறுவிதமானது. தேநீர்க் கடைக்காரர் போத்தல் கணக்கில் வாங்குகிறார். சேகரிப்பு நிலையம் லீற்றர் கணக்கில் வாங்குகிறது. நான்கு போத்தல் மூன்று லீற்றர். ஆகவே லீற்றர் விலையில் முக்கால் பங்கே போத்தலின் நியாயமான விலை. கணக்கு இவ்வளவுதான். ஆனால் இடைத்தரகர் லீற்றர் குவளையால் எட்டுத் தடவை அளந்து எடுத்து, "எட்டுப் போத்தல்" என்று கொப்பியில் எழுதிப் பணம் கொடுத்தால், அந்தப் பெண் எட்டு லீற்றர் பாலைக் கொடுத்து ஆறு லீற்றருக்கான பணத்தோடு வீடு திரும்புகிறாள். நாளுக்கு இரண்டு லீற்றர், மாதத்துக்கு அறுபது. விலை குறைந்துவிட்டது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம். அளவு மாறிவிட்டது என்று பேசுகிறோமா? லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம் நியாயமான தராசையும் படிக்கல்லையும் மட்டுமல்ல, தானியத்தை அளக்கும் ஏப்பாவையும் திரவத்தை அளக்கும் ஹின்னையும் பெயர் சொல்லிக் கேட்கிறது. தராசைப் பற்றி மறையுரை வைக்கிறோம், குவளையை மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் இவ்விடத்தில் சொல்லத் தோன்றுகிறது. கானாவூர்த் திருமணத்தில் இருந்த ஆறு கற்சாடிகளும் எவ்வளவு கொண்டன? கிரேக்க மூலம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று "மெத்ரேத்தே" என்கிறது. ஒரு மெத்ரேத்தே ஏறக்குறைய 40 லீற்றர். எமது மொழிபெயர்ப்பில் அது "குடம்" ஆகியிருக்கிறது. எமது குடமொன்றைப் பதினைந்து லீற்றர் என்று தாராளமாகக் கொண்டாலும் ஆறு சாடிகளிலும் 270 லீற்றருக்கு மேல் வராது. மூலத்தின்படியோ 480 முதல் 720 லீற்றர் வரை! திருமண வீட்டாருக்குக் கிடைத்த இரசத்தில் பாதிக்கு மேல் மொழிபெயர்ப்பிலேயே வற்றிவிட்டது. அதனால் எவருடைய விசுவாசமும் குறையவில்லை. கிருமிநாசினிப் போத்தலில் நிகழும் மொழிபெயர்ப்பு அப்படிப்பட்டதன்று.

முதுகில் சுமக்கும் தெளிகருவியை "நாலு கலன்" என்று விற்கிறார்கள். அது அமெரிக்கக் கலனானால் 15 லீற்றர். பிரித்தானியக் கலனானால் 18 லீற்றர். பதினெட்டு லீற்றருக்கு வேண்டிய மருந்தைப் பதினைந்து லீற்றரில் ஊற்றினால் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அதன்மேல் மருந்தை அளப்பது போத்தல் மூடியால். மூடிகளோ கம்பனிக்குக் கம்பனி வேறு. காசும் வீண், பயிரும் கருகும், அடிப்பவரின் உடம்பும் கெடும். கருவியின் பக்கத்தில் லீற்றர் கோடுகள் இருந்தால் கலன் என்ற பேச்சையே விட்டு அக்கோடுகளைப் பார்க்கப் பழக்க வேண்டும். கோடுகள் இல்லாவிடில் ஒரு தடவை லீற்றர் லீற்றராக ஊற்றி நிரப்பிப் பார்த்து, வெளியே தீந்தையால் எழுதிவிடலாம்.

கிணற்றுக்குக் குளோரீன் இடுவதும் இதே சங்கதிதான். வட்டக் கிணற்றின் விட்டத்தை அடியில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் பெருக்கி, பின் ஐந்தால் பெருக்கினால் கலன் வரும் என்பது பழைய மேற்பார்வையாளர்களின் சூத்திரம். அது மோசமான சூத்திரமன்று. ஐந்துக்குப் பதிலாக 22 என்று வைத்துக்கொண்டால் நேரடியாக லீற்றரே வந்துவிடும். பத்தடி விட்டமும் எட்டடி நீரும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 17,600 லீற்றர். பழைய வழியில் 4,000 கலன் என்று கண்டு, அமெரிக்கக் கையேட்டை விரித்துக் கலனுக்கு இவ்வளவு தூள் என்று அதன்படி இட்டால், உண்மையில் இருக்கும் நீருக்குத் தேவையானதில் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். வெள்ளம் வடிந்த கிணற்றில் அக்குறை சிறியதன்று. (நெல்லைப் பற்றியும் எழுதலாம். புசல் என்பது எட்டுக் கலன் கொள்ளும் முகத்தல் அளவு. அதை 46 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 21 கிலோ என்று நிறுத்தலாக மாற்றிக்கொண்டோம். ஈர நெல்லும் காய்ந்த நெல்லும் ஒரே புசலில் ஒரே நிறை நிற்பதில்லை. அது தனிக் கட்டுரைக்குரியது.)

பழைய அளவுகளை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அதிகாரிகள் சிலர் வாதிடுகிறார்கள். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள் சட்டம் இருக்கிறது. வியாபாரத்தில் மெற்றிக் அளவே முறையானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கொத்தும் சுண்டும் போத்தலும் சட்டத்தால் வந்தவையல்ல, சட்டத்தால் போகவும் மாட்டா. சமையலறையில் சுண்டு இருப்பதால் எவருக்கும் தீங்கில்லை. தீங்கு செய்வது இரண்டு அளவுகள் ஒரே பெயரில் உலாவுவதுதான். எமது அபிவிருத்தி நிறுவனங்களும் இதற்குத் துணைபோகின்றன. ஆங்கிலத் துண்டுப்பிரசுரத்தில் "இரண்டு கலன்" என்றிருந்ததை "9.092 லீற்றர்" என்று தமிழாக்கி அச்சிட்டால் மொழிபெயர்த்தவருக்குத் திருப்தி, வாளியோடு நிற்பவருக்கு என்ன பயன்? அவர் ஆயிரத்தில் இரண்டு பங்கை எதனால் அளப்பார்? ஒன்பது லீற்றர் என்று எழுதினால் போதும். அதைவிட முக்கியம், மூலத்திலிருந்த கலன் எந்த நாட்டுக் கலன் என்று கேட்டு அறிந்த பின்னர் எழுதுவது.

ஆகவே மாற்று அட்டவணைகளை அச்சடித்துச் சுவரில் ஒட்டும் திட்டங்களுக்கு நான் ஆதரவில்லை. மாற்றிக் கணக்கிடுவது அலுவலகத்திலேயே முடிந்துவிட வேண்டும். கிராமத்துக்குப் போவது லீற்றர் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு பங்கு நிலையத்திலும் முத்திரையிடப்பட்ட ஒரு லீற்றர் அளவையும், மில்லிலீற்றர் கோடிட்ட சிறு குவளைகள் சிலவும் இருக்கட்டும். மருந்துக் குவளை மருந்துக்கு மட்டுமே, சமையலறைக்குள் போகக் கூடாது. பால் சேகரிக்கும் இடத்தில் அந்த முத்திரை அளவை விற்பவளின் கைக்கு எட்டும் தூரத்தில் வைக்கப்பட வேண்டும்.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது, வீட்டில் உப்புநீர் கரைக்கும் போத்தலையோ செம்பையோ கொண்டுவரும்படி பெண்களிடம் சொல்லுங்கள். ஒரு லீற்றர் நீரை அளந்து ஊற்றுங்கள். செம்பானால் நீர் நிற்கும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு. போத்தலானால் நீர் வழிந்து மேசையில் ஓடும். ஓடட்டும், எல்லோரும் பார்க்கட்டும். பிறகு அதற்குப் பதிலாக ஒரு லீற்றர் குடிநீர் விற்கப்படும் வெறும் பிளாஸ்ரிக் போத்தலொன்றைக் கழுவிக் கையில் கொடுத்தனுப்புங்கள்.