ஹெட்ரெஸ்ட்டைக் கழட்டி வச்ச வான்ல யாரு ஏறுறது?

பெயரிலிருந்தே தொடங்குவம். ஹெட்ரெஸ்ட் என்று நாங்க சொல்லுற சாமானுக்கு அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதியில் இருக்கிற பெயர் வேற. அங்க அது ‘ஹெட் ரிஸ்ட்ரெய்ன்ட்’. தலையைச் சாய்க்கிறதுக்கு இல்ல, தலையைத் தடுக்கிறதுக்கு. 1969 ஜனவரி 1க்குப் பிறகு அந்த நாட்டுச் சந்தைக்குத் தயாரான கார்களின் முன்சீட்டில் அது கட்டாயம். பயணிகள் சுகமா நித்திரை கொள்ளட்டும் என்று எந்த அரசாங்கமாவது சட்டம் போடுமா?

ஆனா கற்பிட்டியில இருந்து சிலாபம் வரைக்கும் ஹயர் ஓடுற வான்களில் கொஞ்சம் ஏறிப் பாருங்க. ஜன்னலுக்குச் சுருக்கு வச்ச திரை இருக்கும். கூரையில நீல லைட் இருக்கும். நெஞ்சு அதிருற அளவுக்கு சவுண்ட் சிஸ்டம் இருக்கும். நடுச்சீட்டில் ரெண்டு ஓட்டைதான் மிச்சம், அதில இருக்க வேண்டிய ஹெட்ரெஸ்ட் இருக்காது. கேட்டா, “பின்னால இருக்கிறவங்களுக்கு டீவி மறைக்குது, கழட்டி வீட்ட வச்சிருக்கன்” என்பார் டிரைவர் நானா. பத்திரமாத்தான் வச்சிருக்கார். அலுமாரிக்கு மேல, பொலித்தீன் கூடக் கழட்டாம.

இதை அறியாமை என்று சொல்லித் தட்டிவிட எனக்கு மனமில்லை. எங்க காசு செலவழிக்கணும், எங்க செலவழிக்கத் தேவையில்லை என்று தெளிவாத் தெரிஞ்சு செய்யுற வேலை இது. கண்ணுக்குத் தெரியுற சொகுசுக்கு விலை போட்டு வாங்கலாம், கழுத்துக்கு ஒருத்தரும் விலை கேட்கிறதில்லை.

அந்தச் சாமான் செய்யுற வேலையைக் கொஞ்சம் பாருங்க. வான் நிக்குது, பின்னால வந்து ஒரு லொறி இடிக்குது என்று வைப்பம். சீட் உங்க முதுகை முன்னுக்குத் தள்ளும். தலை மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். மனுசத் தலை நாலரை, ஐந்து கிலோ வரும். அவ்வளவு பாரமும் ஒரு கழுத்தில. உடம்பு முன்னுக்குப் போக, தலை பின்தங்க, கழுத்து முதலில் பாம்பு மாதிரி நெளியும், அதுக்குப் பிறகு தலை பின்னுக்கு வீசப்படும். இதெல்லாம் கிட்டத்தட்ட ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்குக்குள்ள நடந்து முடிஞ்சிடும். “நான் டக்கெண்டு புடிச்சுக்கொள்ளுவன்” என்கிற வீரம் இங்க செல்லாது. தலைக்குப் பின்னால, கிட்டவாக, போதிய உயரத்தில் ஒரு தடுப்பு இருந்தால் முதுகோட தலையும் சேர்ந்து நகரும். அவ்வளவுதான் அதன் தொழில்.

உயரம் பதிவா இருந்தா அது உதவாது. கழுத்தின் நடுவில் முட்டிக்கொண்டிருக்கிற ஹெட்ரெஸ்ட், தலை அதுக்கு மேலால பின்னுக்கு மடியுறதைத் தடுக்காது. மேல் விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு வரணும், குறைஞ்சது காதின் மேல் நுனிக்காவது. அடியில ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அமத்திக்கொண்டு தூக்கினா ஏறும். சொந்தக் கார் வச்சிருக்கிற எத்தனை பேர் அதை ஒரு தரமாவது தொட்டிருப்பாங்க?

(இடையில ஒன்று. “கார் தண்ணியில விழுந்தா கண்ணாடி உடைக்கத்தான் ஹெட்ரெஸ்ட்டைக் கழட்டுற மாதிரி வச்சிருக்கான்” என்று வட்ஸ்அப்பில வருசா வருசம் சுத்துற வீடியோவை நம்பாதீங்க. உயரம் மாத்தவும் சீட்டை மடிக்கவும்தான் அந்தக் கம்பிகள்.)

எங்கட பக்கத்தில இது ஏன் பெரிய விசயம்? ஏ3 வீதி பேலியகொடையில தொடங்கிப் புத்தளம் வரைக்கும் சுமார் 130 கிலோமீற்றர். அதில இரவைக்கு ஓடுறது யார் என்று பாருங்க. கட்டுநாயக்காவுக்குப் பிள்ளையைக் கட்டார் அனுப்பப் போற வான், மீன் ஏத்திக்கொண்டு பேலியகொடைக்குப் பறக்கிற லொறி, ரெண்டும் ஒரே நேரத்தில ஒரே ரோட்டில. முந்தலுக்கும் பாலாவிக்கும் இடையில நேரா நீளுற துண்டில கால் தானா அமத்தும். பாலாவியில திரும்பி நுரைச்சோலைப் பக்கம் போனா கழுதைகள். கற்பிட்டிக் கழுதைக்கு ஹோர்னும் தெரியாது, லைட்டும் தெரியாது, நடுரோட்டில நின்று யோசிக்கும். முன்னால போறவர் சடாரென்று பிரேக் அடிப்பார். பின்னால வாறவர் அடிக்க மாட்டார். பின்பக்க மோதலுக்கு இதைவிட வேற என்ன ஏற்பாடு வேணும்?

1990இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்து இங்க குடியேறின குடும்பங்களுக்கு வான் பயணம் வாழ்க்கையில பாதி. மன்னாருக்குக் காணி அலுவல், மய்யித்து, கலியாணம், வாக்களிக்கப் போறது. ஒரு வானுக்குப் பதினைஞ்சு பேர். அந்தப் பதினைஞ்சு பேரில் மடக்குச் சீட்டில் குந்துறது யார்? வாப்பாவுக்கு முன்சீட். மாப்பிள்ளைக்கு ஜன்னலோரம். முதுகு பாதி வரைக்கும் மட்டும் இருக்கிற, தலைக்கு ஒன்றுமே இல்லாத, நடுவழியில விரிக்கிற அந்தப் பலகை மாதிரிச் சீட் சாச்சிக்கு, கடைசி ராத்தாவுக்கு, இல்லாட்டி “நீ சின்னப்புள்ள தானே” என்று தள்ளிவிடப்படுற பிள்ளைக்கு. பாதுகாப்பையும் இறைச்சிக் கறி பரிமாறுற மாதிரித்தான் பங்கு வைக்கிறம்.

பெண்கள் விசயத்தில் இன்னொரு அநியாயமும் இருக்கு, அது எங்கட வீட்டில தொடங்கினது இல்ல. பின்பக்க மோதலைச் சோதிக்கிறதுக்கென்று 1990களின் கடைசியில் சுவீடனில் உருவாகின ‘பயோரிட்’ என்ற பொம்மை ஒரு சராசரி ஆணின் உடம்பு அளவில் செய்யப்பட்டது. சீட்டும் ஹெட்ரெஸ்ட்டும் அந்த ஆண் பொம்மைக்குச் சரிவந்தா பாஸ். ஆனா பின்னால இடிபடுகிற விபத்துகளில் கழுத்துக் காயம் வருகிற ஆபத்து பெண்களுக்குத்தான் கூட என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்லி வருது. அதே சுவீடனில் அஸ்ட்ரிட் லிண்டர் என்ற பொறியியலாளரின் குழு, சராசரிப் பெண் உடம்பின் அளவில் ஒரு பொம்மையை 2022இல் காட்டினது. கார்கள் ஓடத் தொடங்கி நூறு வருசம் கழிச்சு!

அதனால “ஹெட்ரெஸ்ட் கழுத்தை முன்னுக்குத் தள்ளுது, இருக்க ஏலாது” என்று ஒரு பெண் சொன்னா சிரிக்காதீங்க. உண்மையாத்தான் தள்ளுது. அமெரிக்கா 2004இல் விதியை இறுக்கினபோது, முன்சீட்டில் பின்தலைக்கும் தடுப்புக்கும் இடையில் 55 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி கூடாது என்று வச்சாங்க. காயத்தைக் குறைக்க நல்ல விதி. ஆனா ஹிஜாபுக்குள்ள கொண்டை கட்டின ஒரு பிள்ளைக்கு, உடப்பில பூ வச்ச கொண்டையோட கோயிலுக்குப் போற அக்காவுக்கு, அந்த 55 மில்லிமீற்றர் எங்க போகும்? நாடி நெஞ்சில முட்டும். ரெண்டு மணித்தியாலத்தில கழுத்து விறைச்சிடும். உடனே ஹெட்ரெஸ்ட்டைக் கழட்டுவாங்க, இல்லாட்டி முன்பக்கம் பின்பக்கமாத் திருப்பிக் குத்துவாங்க. சில பேர் கழுத்துக்குப் பின்னால ஒரு தலையணையைச் செருகுவாங்க. அது கழுத்தை முன்னுக்குத் தள்ளி, தலைக்கும் தடுப்புக்கும் இடையிலான இடைவெளியைக் கூட்டிவிடலாம்.

கொண்டையைக் கழுத்தடிக்கு இறக்கிக் கட்டலாம், சீட்டின் முதுகை ஒரு கிளிக் பின்னுக்குச் சாய்க்கலாம். ரெண்டும் வேலை செய்யும். “இதுக்கும் நாங்கதான் கொண்டையை மாத்தணுமா?” என்று கேட்டா, நியாயமான கேள்விதான். அதுக்கு வாகனம் செய்யுறவன் பதில் சொல்லணும். அதுவரைக்கும் அசௌகரியத்தோட இருந்தாலும் தலைக்குப் பின்னால ஒன்று இருக்கிறது, ஒன்றும் இல்லாததை விட நல்லது. இந்த இடத்தில நான் வசதியின் பக்கம் நிற்க மாட்டன்.

கழுத்துச் சுளுக்கில ஆள் சாகிறது குறைவு, அதனால செய்தியிலயும் வராது. எக்ஸ்ரேயில எலும்பு சரியா இருக்கும். எண்ணெய் தடவுவாங்க, ஓதிப் பார்ப்பாங்க. மூணு மாசம் கழிச்சும் தையல் மெசினில குனிய ஏலாம இருக்கிற பெண்ணைப் பார்த்து “நடிக்கிறாள்” என்பாங்க.

அரசாங்கம் என்ன செய்யுது? வருசா வருசம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முதல் புகைப் பரிசோதனைக்குப் போறம். சைலன்சருக்குள்ள குழாயை விட்டுப் பார்க்கிறாங்க. ஆட்கள் இருக்கிற சீட்டைப் பார்க்கிறது அந்தப் பரிசோதனையில இல்ல. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிறுத்தினாங்க, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தாங்க. அந்த ஐந்து வருசமும் பழைய வான்கள்தான் எங்களைச் சுமந்தது, இன்னும் சுமக்குது. அதைக் குறை சொல்லேலாது, இருக்கிற காசுக்கு இருக்கிற வாகனம். ஆனா நான் கேட்கிறது புது வானே இல்ல. ஜப்பான்காரன் செய்து அனுப்பினதை அலுமாரிக்கு மேலால இறக்கித் திரும்பக் குத்தச் சொல்லுறன். அதுக்கு டொலரும் தேவையில்ல.

தலவில திருவிழாவுக்கோ மன்னார்ப் பயணத்துக்கோ வான் பேசேக்க, ஏசி இருக்கா, டீவி இருக்கா என்று கேட்கிறம். கூட ஒரு கேள்வியைச் சேருங்க: “நானா, எத்தனை சீட்டுக்கு ஹெட்ரெஸ்ட் இருக்கு?” அவர் சொல்லுற எண்ணிக்கைக்கு மட்டும் ஆள் ஏத்துங்க. மிச்ச ஆளுக்கு இடமில்லை என்றால், மடக்குச் சீட்டில வாப்பா ஒரு தரம் இருந்து பார்க்கட்டும்.